இசிஜி நார்மல், ஆனால் நெஞ்சு படபடக்கிறது: பேசினால் சரியாகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். எட்டு மாதமாக அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று; எல்லாமே நார்மல். மருத்துவர் “இது ஆங்சைட்டி, கவுன்சலிங் போய்ப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். “உடம்பில் நடப்பது உட்கார்ந்து பேசினால் எப்படிச் சரியாகும்?” என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: லிஃப்டில் ஒருமுறை மூச்சு முட்டியதிலிருந்து அலுவலகத்துக்கு ஆறு மாடியும் படியேறித்தான் போகிறேன் என்று. எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாக நினைக்கிறேன். “ஆங்சைட்டி என்றால், எனக்கு ஒன்றுமே இல்லை, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன் என்று அர்த்தமா?” என்பது ஒன்று. “நண்பர்கள் சொல்லாத எதைக் கவுன்சலர் சொல்லிவிடப் போகிறார்?” என்பது இன்னொன்று. பதினாறு வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பதற்றத்தோடு வருகிறவர்கள்தான். நான் மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை பற்றி மேலோட்டமாகத்தான் சொல்வேன். பத்து வரியைப் படித்துவிட்டு உங்களுக்கு இன்னதுதான் என்று முடிவு கட்டவும் மாட்டேன். நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: இல்லை, கற்பனை இல்லை. படபடப்பு நிஜம், மரத்துப்போவது நிஜம், தலைசுற்றல் நிஜம். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால், அது நிஜ ஆபத்தா என்று யோசித்து முடிப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். மூளையில் அமிக்டலா என்ற சிறிய பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், கை கால் தசைகளுக்கு ரத்தம் பாயும், செரிமானம் மெதுவாகும் (வயிற்றைப் பிசைவது அதனால்தான்), உள்ளங்கை வியர்க்கும். ஒன்று சண்டை போடு, இல்லை ஓடு என்று உடம்பு தயாராகிற இந்த நிலையை வால்டர் கேனன் என்ற உடலியலாளர் 1915-லேயே விவரித்துவிட்டார். ஓட வேண்டிய இடத்தில் இது உயிரைக் காப்பாற்றும். நாற்காலியில் உட்கார்ந்து மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதே ஏற்பாடு முழுவதும் கிளம்பினால், ஓடவும் முடியாது, அடிக்கவும் ஆளில்லை; கிளம்பிய வேகமெல்லாம் நெஞ்சிலேயே நின்று படபடக்கிறது.

விரல் மரத்துப்போவதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொன்னவுடன் பலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பதற்றத்தில் நாம் தேவைக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை சுற்றும். விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல இருக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், அதனால் இன்னும் வேகமாக மூச்சு இழுப்போம். உண்மையில் அந்த நேரத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. இசிஜி ஏன் நார்மலாக வந்தது என்பதற்கும் பதில் இதுதான்: இதயம் பழுதாகவில்லை, தனக்கு வந்த உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. உத்தரவுதான் தப்பாக வருகிறது.

அப்புறம் சுழல் ஆரம்பிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, “மாரடைப்போ?” என்று ஒரு எண்ணம் ஓடுகிறது, அந்த எண்ணமே புதிய ஆபத்து, அதற்கு இன்னும் கொஞ்சம் அட்ரினலின், படபடப்பு கூடுகிறது, “பார், சொன்னேன் இல்லையா” என்று எண்ணம் உறுதியாகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டு வெளியில் இல்லை, சொந்த உடம்புக்குள் இருக்கிறது. உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று தப்பாகப் படிப்பதுதான் திடீர் பீதியின் (பேனிக் அட்டாக் என்பது இதைத்தான்) மையம் என்று டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதினார். இன்று பீதிக்குத் தரும் சிகிச்சையில் பெரும்பகுதி அந்தப் புரிதலின் மேல்தான் நிற்கிறது. பீதி பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்றும் கேட்டிருந்தீர்கள். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியில் அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், அதனால் மயங்குவது அபூர்வம். விதிவிலக்கு ஒன்று: ரத்தத்தையோ ஊசியையோ பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கும், நிஜமாகவே மயங்குவார்கள். அவர்களுக்கு உடம்பைத் தளர்த்தச் சொல்லக் கூடாது, கை கால் தசைகளை இறுக்கத்தான் சொல்லிக்கொடுப்போம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. பதற்றம் போலவே வேஷம் போடுகிற உடல் கோளாறுகள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சில வகை இதயத் துடிப்புக் கோளாறுகள், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள், அளவுக்கு மீறிய காபி, குடியைத் திடீரென்று நிறுத்துவது, இவையெல்லாம் இதே படபடப்பைத் தரும். உங்கள் ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் பார்த்தார்களா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போதோ நடக்கும்போதோ நெஞ்சு வலித்தால், நிஜமாகவே நினைவு தப்பினால், அதை “வழக்கமான ஆங்சைட்டி” என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆனால் புதிதாக எதுவும் இல்லாமல் அதே இசிஜியை மாதம் ஒருமுறை எடுப்பது வேறு விஷயம். முடிவு வந்ததும் ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் “அன்று சரியாக எடுத்தார்களா?” என்ற சந்தேகம். இந்த நிம்மதிக்கும் உங்கள் ஆறு மாடிப் படிக்கும் உறவு உண்டு.

சரி, லிஃப்டுக்கு வருவோம். அன்று லிஃப்டில் மூச்சு முட்டியது. மறுநாள் லிஃப்டின் முன் நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. படியைப் பார்த்துத் திரும்பினீர்கள், அந்த நொடியே நெஞ்சு லேசானது. அந்த லேசானதுதான் பிரச்சினை. மூளை அதைப் பரிசாக எடுத்துக்கொள்கிறது. “லிஃப்டில் போயிருந்தால் ஏதோ ஆகியிருக்கும், படிதான் காப்பாற்றியது” என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. லிஃப்டில் போனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் தவறிப்போகிறது. அதனால் எட்டு மாதத்துக்குப் பிறகும் பயம் அதே அளவில் இருக்கிறது. பல பேருக்கு அது லிஃப்டோடு நிற்பதும் இல்லை, கூட்டமான அறை, நெடுந்தூரப் பயணம், தனியாக இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பரவுகிறது. தவிர்க்கிற ஒவ்வொரு முறையும் பயத்துக்குத் தீனி போடுகிறோம். பதற்றத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தவிர்ப்பது எப்போதும் இப்படி வெளிப்படையாகவும் இருக்காது. வாசலுக்குப் பக்கத்திலேயே உட்காருவது, கையில் போனைப் பிடித்துக்கொண்டே இருப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பார்ப்பது, அறிகுறிகளை இணையத்தில் தேடுவது, “எனக்கு ஒன்றும் இல்லைதானே?” என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது, எல்லாமே அந்தப் படியின் தம்பி தங்கைகள். பல பேர் “நான் எதையும் தவிர்ப்பதில்லை, எல்லா இடத்துக்கும் போகிறேன்” என்பார்கள். எப்படிப் போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் வெளியே வரும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நண்பர் என்ன சொல்வார்? “ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு.” அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அதுவும் ஒரு இசிஜி மாதிரிதான், சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நல்ல கவுன்சலர் பெரும்பாலும் அப்படிச் சொல்ல மாட்டார். “லிஃப்டில் போனால் சரியாக என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார். “மூச்சு நின்றுவிடும்” என்பீர்கள். “எத்தனை மாடிக்குள்? நூற்றுக்கு எத்தனை நிச்சயம்?” என்பார். முதலில் எரிச்சலாக இருக்கும், என்னிடமே பலர் எரிந்து விழுந்திருக்கிறார்கள். ஆனால் “ஏதோ ஆகிவிடும்” என்ற மூடுபனியோடு யாராலும் மோத முடியாது. “மூன்றாவது மாடிக்குள் மூச்சு நிற்கும், எண்பது சதவீதம் நிச்சயம்” என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அப்புறம் படிப்படியாகச் சோதிப்பீர்கள்: லிஃப்டின் கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது, ஒரு மாடி, கூட்டம் இல்லாத நேரத்தில் மூன்று மாடி, கூட்டமான நேரத்தில் ஆறு மாடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன ஆகும் என்று எழுதுவீர்கள், பின்னால் என்ன ஆனது என்று எழுதுவீர்கள். பதற்றம் வரும். வராமல் செய்வது நோக்கமில்லை. அது வந்தும் நீங்கள் லிஃப்டில் நின்றீர்கள், நினைத்தது நடக்கவில்லை என்பதை மூளை நேரடியாகப் பார்ப்பதுதான் நோக்கம். யார் எவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னாலும் அமிக்டலாவுக்குக் காது கேட்காது. அதற்கு அனுபவம்தான் புரியும்.

உடம்பின் அறிகுறியைக் கண்டே பயப்படுகிறவர்களுக்கு இன்னும் வேடிக்கையான ஒன்று செய்வோம். அறையிலேயே ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்வோம், அல்லது நின்ற இடத்தில் சுற்றச் சொல்வோம். அதே தலைசுற்றல், அதே விரல் மரப்பு வரும். வரவழைத்தால் வருகிறது, விட்டால் போகிறது என்று ஒருவர் தன் உடம்பிலேயே பார்த்துவிட்டால், பிறகு அது எமனாகத் தெரியாது. (இதை வீட்டில் தனியாக முயலாதீர்கள். இதய நோய், வலிப்பு, கடும் ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.)

எல்லாப் பதற்றமும் திடீரென்று வருவதில்லை. சிலருக்குப் படபடப்பு அதிகம் இருக்காது, ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து “அப்படி ஆனால்? இப்படி ஆனால்?” என்று ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கம் கெடும், கழுத்து இறுகும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். ஆறு மாதமாவது பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்து, வேலையையோ உறவையோ கெடுக்கிறது என்றால்தான் அதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்போம். “அதை நினைக்காதே” என்ற அறிவுரை இவர்களிடம் செல்லாது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தன் சோதனையில் பங்கேற்றவர்களிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. அதனால் கவலையை விரட்டாமல் அதற்கு நேரம் ஒதுக்கச் சொல்வோம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. மற்ற நேரத்தில் வருகிற கவலையைத் தாளில் குறித்துவைத்துவிட்டு “சாயங்காலம் பார்க்கலாம்” என்று ஒத்திப்போடுவது. கேட்கும்போது சிரிப்பு வரும். சாயங்காலம் தாளை எடுத்துப் பார்த்தால் பாதி ஆறிப்போயிருக்கும். மீதியில் நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டியவை இருந்தால், அவற்றுக்கு யோசிக்க வேண்டியதில்லை, செய்ய வேண்டியதுதான்.

நான் மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் அறிதல் நடத்தைச் சிகிச்சையைச் சேர்ந்தது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை ஜோசஃப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1958-இல் விரிவாக எழுதினார். எண்ணங்களைச் சோதிக்கும் முறையை 1960-களில் ஆரன் பெக் என்ற இன்னொரு மனநல மருத்துவர் வளர்த்தெடுத்தார். பதற்றத்துக்கு அதிகம் ஆராயப்பட்டதும் வலுவான ஆதாரம் உள்ளதும் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வழக்கமாக வாரம் ஒரு அமர்வு, பன்னிரண்டிலிருந்து இருபது வரை. எல்லோருக்கும் பலிக்கிறதா என்றால், இல்லை. நன்றாகத் தேறுகிறவர்கள் பலர், ஓரளவு தேறுகிறவர்கள் சிலர், அசையாமல் இருப்பவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று முதல் நாளில் என்னால் சொல்ல முடிந்ததே இல்லை. கவுன்சலரோடு ஏற்படும் நம்பிக்கைக்கும் பெரிய பங்கு உண்டு. சிறுவயதில் என்ன நடந்தது என்று தோண்டியே ஆக வேண்டுமா என்பது எங்களுக்குள் இன்னும் ஓயாத வாதம். என் கட்சி: லிஃப்ட் பயத்துக்கு முதலில் லிஃப்ட், தோண்டுவதைத் தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம். ஆனால் வீட்டில் அடி வாங்குகிற ஒருவருக்கோ, கழுத்து வரை கடனில் இருப்பவருக்கோ பதற்றம் தப்பான உத்தரவு இல்லை, சரியான தகவல். அங்கே பயத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவது கவுன்சலிங் ஆகாது.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், அதனால் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருடங்களில் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொடுத்துவிடுவேன். உடனே நிம்மதி கிடைக்கும், எனக்கும் நல்ல பெயர். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து, “நீங்கள் சொன்ன மூச்சை எண்ணாமல் என்னால் வீட்டை விட்டே கிளம்ப முடியவில்லை” என்றார். அவருக்கு ஒரு தாயத்தைக் கட்டி அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பொதுவான இறுக்கத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி நல்லது, இப்போதும் சொல்லித்தருகிறேன். பீதி வந்தால் அதைத் துரத்தும் ஆயுதமாக மட்டும் தருவதில்லை.

மாத்திரையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் பதற்றம் கூடுவது போலவும் இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து பலர் பாதியில் விடுகிறார்கள். பென்சோடயசெபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து வகை அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே அடக்கும், ஆனால் நாளாக நாளாகப் பழக்கமாகிவிடும். எதையும் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள். பதற்றம் கடுமையாக இருப்பவர்கள் மருந்து, கவுன்சலிங் இரண்டும் சேர்த்து எடுத்துக்கொள்வது வழக்கம்தான். சாக வேண்டும் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்தால், கவுன்சலரின் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

கவுன்சலரைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், பீதிக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா, என்ன முறை, எத்தனை அமர்வில் பலன் பார்க்கலாம். பதற்றம் எவ்வளவு என்று அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, மொத்தம் 21 மதிப்பெண். நான் முதல் நாளும் சில வாரங்களுக்கு ஒருமுறையும் நிரப்பச் சொல்வேன், என் வேலை நடக்கிறதா என்று எனக்கே தெரிவதற்காக. பத்து அமர்வு முடிந்தும் பேசிவிட்டு வருகிறீர்கள், மனது லேசாகிறது, ஆனால் இன்னும் படியேறித்தான் போகிறீர்கள் என்றால் அதை அவரிடமே கேளுங்கள். நல்ல கவுன்சலர் கோபித்துக்கொள்ள மாட்டார். “முழுசாகக் குணமாக்கிவிடுகிறேன்” என்று முதல் நாளே உத்தரவாதம் தருகிறவரைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த வாரமே லிஃப்டில் ஏறுங்கள் என்று சொல்ல மாட்டேன். படியிலேயே போங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: லிஃப்டைப் பார்த்ததும் மனதில் ஓடிய முதல் வாக்கியம், அது நடக்கும் என்று எவ்வளவு நம்பினீர்கள், படிக்குத் திரும்பியதும் எத்தனை நொடியில் நெஞ்சு லேசானது. ஐந்து நாள் எழுதினால் போதும். முதல் அமர்வுக்கு இசிஜி ரிப்போர்ட்டை மறந்தாலும் மறங்கள், அந்தத் தாளை மறக்காமல் கொண்டுபோங்கள்.